‘தனிநபர் தகவல், தர இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்தால்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். எங்கள் ஊராட்சியில் மூன்று வருடமாகப் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் யார் யாருக்கு வீடு ஒதுக்கினார்கள், எவ்வளவு பணம் போனது என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) மனு போட்டேன். மாடி வீடு உள்ளவர்களுக்கு வந்திருக்கிறது, ஓலைக் குடிசையில் இருப்பவர்களுக்கு வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். ‘கோரிய விவரங்கள் தனிநபர் தொடர்பானவை, பிரிவு 8(1)(ஜே)-யின்படி வழங்க இயலாது’ என்று ஜனவரி 20ஆம் தேதி பதில் வந்தது. இதே அலுவலகம் 2019இல் இதே மாதிரி கேள்விக்கு 14 பக்கம் கொடுத்தது. டெல்லியில் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள் என்கிறார்கள். இனி ஆர்டிஐ போட்டுப் பிரயோஜனம் இல்லையா? மனுவின் நகலை இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்: வணக்கம் அண்ணே. பிரயோஜனம் இருக்கிறது. ஆனால் 2019இல் போட்ட மாதிரியே இப்போதும் போட்டால் கிடைக்காது. உங்கள் மனுவைப் பார்த்தேன், அதிலும் ஒரு கோளாறு இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சட்டம் மாறியது உண்மைதான். மாறிய விதம்தான் வேடிக்கை. தகவல் உரிமைச் சட்டத்துக்கென்று தனியாகத் திருத்த மசோதா எதுவும் வரவில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 2023இல் ஒன்று கொண்டுவந்தார்கள், அதன் கடைசிப் பிரிவான 44ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவாக இந்தத் திருத்தத்தைச் சொருகிவிட்டார்கள். மக்களவையில் ஆகஸ்ட் 7, மாநிலங்களவையில் ஆகஸ்ட் 9, குரல் வாக்கெடுப்பு, 11ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்து. அந்த வாரம் நாடே மணிப்பூர் பற்றிய நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, இதை யார் கவனித்தார்கள்? அப்புறம் இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. 2025 நவம்பர் மத்தியில் அந்தச் சட்டத்துக்கான விதிகளை வெளியிட்டபோது சட்டத்தின் பிரிவுகளைத் தவணை தவணையாக அமலுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். உங்கள் தகவலையும் என் தகவலையும் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கான முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். ஆர்டிஐ-யைக் குறைக்கும் 44(3)-க்கோ ஒரு நாள் அவகாசம்கூட இல்லை, உடனே அமல். எது அவசரம் என்று அரசு நினைத்தது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன மாறியது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் மேல்முறையீட்டில் இதைத்தான் பேசப்போகிறோம். பழைய 8(1)(ஜே) ஒரு நீளமான வாக்கியம். தனிப்பட்ட தகவல்தான், ஆனால் பொதுச் செயல்பாட்டோடோ பொதுநலனோடோ அதற்குச் சம்பந்தமே இல்லை என்றால் மறுக்கலாம். ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுவதாக இருந்தால் மறுக்கலாம். அப்போதும்கூட பெரிய பொதுநலன் இருக்கிறது என்று தகவல் அலுவலர் நினைத்தால் கொடுக்கலாம். அதன் அடியில் ஒரு துணை வரியும் இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. ஆர்டிஐ மேல்முறையீடுகளோடு 17 வருடமாக மல்லுக்கட்டுகிறேன், எனக்கு அந்தச் சட்டத்திலேயே பிடித்த வரி அதுதான். எம்எல்ஏ எழுந்து கேட்டால் அமைச்சர் சொல்லியாக வேண்டிய விஷயத்தை அந்த எம்எல்ஏ-வுக்கு ஓட்டுப் போட்டவன் கேட்டாலும் சொல்லியாக வேண்டும் என்பது எவ்வளவு எளிமையான நியாயம்! நிபந்தனைகள், பொதுநலன், துணை வரி எல்லாமே போய்விட்டன. இப்போது அந்த இடத்தில் ‘தனிப்பட்ட தகவல் தொடர்பான தகவல்’ என்று மட்டும் இருக்கிறது. ஆங்கில மூலத்தில் எண்ணிப் பார்த்தால் ஆறே சொற்கள். தனிப்பட்ட தகவல் என்றால் என்ன என்று ஆர்டிஐ சட்டத்தில் விளக்கமும் கிடையாது. அதனால் ஒரு பெயர் கண்ணில் பட்டாலே இந்தப் பிரிவைத் தூக்கிப் போடும் பழக்கம் வந்துவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தரங்கம் வெறும் சாக்குப்போக்கு இல்லை. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அதை அடிப்படை உரிமை என்று சொன்னார்கள், சரியான தீர்ப்பு. ஆர்டிஐ-யைத் தவறாகப் பயன்படுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன், பிரிந்து போன மனைவியின் விடுப்புப் பதிவேட்டைக் கேட்டவர் உண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் மருத்துவச் செலவு பில்லைக் கேட்டவரும் உண்டு. ஆனால் இதையெல்லாம் தடுக்கப் பழைய பிரிவே போதுமாக இருந்தது, தடுத்தும் வந்தது. 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியரின் பணிப்பதிவும் சொத்து விவரமும் பொதுவாகத் தனிப்பட்டவை என்று சொல்லிவிட்ட பிறகு பல அலுவலகங்கள் அந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லியே மறுக்கப் பழகிவிட்டன. 2019இல் தலைமை நீதிபதி அலுவலகமே ஆர்டிஐ-க்குள் வரும் என்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னபோது, அந்தரங்கத்தையும் பொதுநலனையும் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். இந்தத் திருத்தம் அந்தத் தராசைத்தான் இந்தப் பிரிவிலிருந்து தூக்கிவிட்டது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. இந்தச் சட்டமே பெயர்களில் இருந்து பிறந்தது. 1990களில் ராஜஸ்தானின் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் ஊர் நடுவில் பந்தல் போட்டு, பஞ்சாயத்து வேலையின் கூலிப் பட்டியலை உரக்கப் படித்துக் காட்டியது. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் அவர்களுடைய கோஷம். இன்னாருக்கு இத்தனை நாள் கூலி என்று படிக்கும்போதுதானே கூட்டத்தில் ஒருவர் எழுந்து ‘அவர் செத்து வருஷமாச்சே’ என்று சொல்ல முடியும்? பெயரை நீக்கிவிட்டு மொத்தம் இத்தனை பேர், மொத்தம் இவ்வளவு ரூபாய் என்று மட்டும் படித்திருந்தால் எல்லோரும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நம் ஊரிலும் 1997இலேயே மாநிலச் சட்டம் ஒன்று வந்தது, நாட்டிலேயே முதலாவது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், ஆனால் அதில் விலக்குகள் அடுக்கடுக்காக இருந்ததால் அதை வைத்துப் பெரிதாக யாரும் எதுவும் வாங்க முடியவில்லை. 2005 சட்டம் வந்த பிறகுதான் உங்களைப் போன்றவர்களுக்கு 14 பக்கம் கிடைத்தது.

சரி, இப்போது கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம். நிறையவே இருக்கிறது.

முதலில் 4ஆவது பிரிவு. யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு அலுவலகமும் தானாக வெளியிட வேண்டியவை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. 4(1)(பி)-யின் 12ஆவது இனத்தை எடுத்துப் படியுங்கள்: மானியத் திட்டங்களை நிறைவேற்றும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் விவரங்கள். பயனாளிகளின் விவரங்கள் என்றே இருக்கிறது, அண்ணே. 2023 சட்டம் இதில் கைவைக்கவில்லை. அதுமட்டுமில்லை, வேறொரு சட்டம் வெளியிடச் சொல்லி, அந்தக் கடமையின்படி வெளியான தனிநபர் தரவுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3ஆவது பிரிவே சொல்கிறது. எதிர்க்கட்சிகள் கேள்வி எழுப்பியபோது ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் பதிலாகக் காட்டியதும் இந்த 3ஆவது பிரிவைத்தான். அரசே அப்படி விளக்கம் சொல்லியிருக்கிறது என்பதால், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அதையே திருப்பிச் சொல்வது நமக்கு நல்லது. ‘4ஆவது பிரிவும் 8ஆவது பிரிவுக்குக் கட்டுப்பட்டதுதானே’ என்று எதிர்வாதம் வரலாம். வரட்டும். வீட்டுத் திட்டத்தின் இணையதளத்தில் ஊராட்சி வாரியாகப் பயனாளிப் பட்டியலைப் பெயரோடு போட்டிருந்தார்கள். உங்கள் ஊராட்சியைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் தேதி தெரிகிற மாதிரி பிரிண்ட் எடுத்து மேல்முறையீட்டோடு இணைத்துவிடுங்கள். இணையத்தில் உலகத்துக்கே தெரியும் பெயரை எனக்கு மட்டும் ஏன் மறைக்கிறீர்கள் என்ற ஒரு கேள்வி போதும். அந்தப் பழைய 14 பக்கத்தையும் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது 8(2). எந்த விலக்கு பொருந்தினாலும், வெளியிடுவதால் வரும் பொதுநலன் பாதிப்பைவிடப் பெரியது என்றால் கொடுக்கலாம் என்று இருக்கிறது. இதுவும் உயிரோடு இருக்கிறது. ஆனால் இதைக் காட்டி ‘ஒன்றும் குறையவில்லை, எல்லாம் 8(2)-இல் இருக்கிறது’ என்று டிவியில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். முன்பு பொதுநலனை எடை போடும் பொறுப்பு உங்களுக்குப் பதில் எழுதும் தகவல் அலுவலரிடமே இருந்தது, அவர் போடவில்லை என்றால் நேராகக் கேள்வி கேட்கலாம். 8(2)-இல் அந்தப் பொறுப்பு அலுவலர் கையை விட்டு ‘பொது அதிகார அமைப்பு’ என்று நிறுவனத்தின் தலைக்குப் போய்விட்டது, அதிலும் ‘அனுமதிக்கலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘அனுமதிக்க வேண்டும்’ என்று இல்லை. தன் அலுவலகத்தின் ஊழல் வெளியே வருவது பொதுநலன் என்று தானே முன்வந்து சொல்லும் அலுவலகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் 8(2)-ஐ மேல்முறையீட்டில் கட்டாயம் எழுதுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

மூன்றாவதாக 7(8), 19(5) இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்குள் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் பதிலிலேயே எழுத வேண்டும். உங்களுக்கு வந்த பதிலில் பிரிவு எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை, மேல்முறையீட்டு அலுவலர் யார் என்றுகூடப் போடவில்லை. பிரிவு எண் காரணம் ஆகாது. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் சுமை மறுத்தவர் தலையில்தான் என்று 19(5) சொல்கிறது.

இப்போது உங்கள் மனுவுக்கு வருகிறேன். ஐந்தாவது கேள்வியில் பயனாளிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், சாதிச் சான்றிதழ் நகல் எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஏன் அண்ணே? உங்கள் ஆதார் எண்ணை யாரோ ஒருவருக்கு பத்து ரூபாய்க்குக் கொடுத்தால் சும்மா இருப்பீர்களா? ஏழாவது கேள்வியில் ஊராட்சிச் செயலரின் சொத்து விவரம் வேறு. இந்த இரண்டு கேள்வியும்தான் அவர்களுக்குப் பிடி கொடுத்திருக்கிறது, அதைக் காட்டியே நியாயமான மற்ற கேள்விகளையும் ஒரே கட்டாகக் கட்டித் தூக்கி எறிந்துவிட்டார்கள். அப்படி எறிவதும் தப்புதான், மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும் என்று 10ஆவது பிரிவு இருக்கிறது. என்றாலும் நாமே ஏன் வாய்ப்புக் கொடுக்க வேண்டும்?

அதனால் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யுங்கள். ஒன்று, முதல் மேல்முறையீடு. அதில் முதல் பத்தியிலேயே ‘ஆதார் எண், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, செயலரின் சொத்து விவரம் ஆகியவற்றை நான் வலியுறுத்தவில்லை’ என்று விட்டுக்கொடுத்துவிடுங்கள். பிறகு 4(1)(பி), 8(2), 10, 19(5) என்று வரிசையாக வையுங்கள். பொதுநலன் என்று பொத்தாம் பொதுவாக எழுத வேண்டாம். பக்கா வீடு உள்ளவர்களைப் பட்டியலில் இருந்து கழிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி, சமவெளிப் பகுதியில் வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்று ஒன்றிய அரசும் மாநில அரசும் 60க்கு 40 போட்டுக் கொடுக்கும் பணம், விதி பின்பற்றப்பட்டதா என்று பார்க்கப் பட்டியலைத் தவிர வேறு வழி இல்லை என்று எழுதுங்கள். மாடி வீட்டுக்காரர்களின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். ஊர் விரோதம் என்று கதை கட்ட அது ஒன்று போதும்.

இரண்டு, புதிதாக ஒரு மனு, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி. இதில் பெயரே கேட்காதீர்கள். ஆச்சரியமாக இருக்கிறதா? கேளுங்கள். ‘இந்த மூன்று நிதியாண்டுகளில் எங்கள் ஊராட்சியில் அனுமதித்த வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் பதிவு எண், குக்கிராமம், அனுமதி நாள், ஒவ்வொரு தவணையும் விடுவித்த நாளும் தொகையும், அளவீட்டுப் புத்தகத்தில் அந்த வீட்டுக்கான பக்கம், பயனாளிப் பட்டியலை வைத்து ஒப்புதல் பெற்ற கிராம சபையின் தேதி, தீர்மான நகல், வருகைப் பதிவின் எண்ணிக்கை’ இவ்வளவுதான். பெயர் இல்லாத தகவலுக்கு 8(1)(ஜே) எங்கே வரும்? உங்கள் ஊரில் எந்தத் தெருவில் எந்த மாதம் எந்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா, டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடும். தோண்டாத வீட்டுக்குத் தவணை போயிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. தகவல் பெறும் உரிமை என்றால் நகல் வாங்குவது மட்டும் இல்லை. ஆவணத்தையும் வேலை நடந்த இடத்தையும் நேரில் ஆய்வு செய்யும் உரிமை 2(ஜே)-யில் இருக்கிறது. (இந்த ‘ஜே’ வேறு, அந்த ‘ஜே’ வேறு, மனுவில் குழப்பிவிடாதீர்கள்.) புதிய மனுவிலேயே, மேலே சொன்ன பதிவேடுகளை நேரில் பார்க்க ஒரு நாள் குறித்துத் தாருங்கள் என்று கடைசியாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள். போகும்போது கண்ணாடியும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு, கூட ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். நகல் எடுத்துக் கொடுப்பதற்கு ஆயிரம் யோசிக்கும் அலுவலர்கள், நேரில் வந்து உட்காரும் ஆளிடம் பல சமயம் சீக்கிரம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இது சட்டத்தில் இல்லை, என் அனுபவத்தில் இருக்கிறது.

அலுவலர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் திருட்டை மறைக்கத்தான் மறுக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். போன மாதம் ஓர் அலுவலகத்தில் ஓர் இளைஞர், ‘மேடம், பெயரைக் கொடுத்தால் 250 கோடி அபராதமாமே’ என்று நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார். புதுச் சட்டத்தில் அபராதத்தின் உச்ச அளவு 250 கோடி என்பது சரிதான், அதைத் தரவுக்கு உரிய பாதுகாப்பு வைக்கத் தவறும் நிறுவனங்களை மனதில் வைத்துப் போட்டார்கள். ஆர்டிஐ-க்கு நல்லெண்ணத்தோடு பதில் கொடுத்த அலுவலர்மேல் வழக்குப் போட முடியாது என்று ஆர்டிஐ சட்டத்தின் 21ஆவது பிரிவு இருக்கிறது. மாறாகக் காரணமில்லாமல் மறுத்தால் 20ஆவது பிரிவில் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அவர் சம்பளத்தில் இருந்து போகும். 250 கோடியைக் கேட்டுப் பயப்படுகிறவருக்கு இந்த 250 ரூபாயை நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். மிரட்டலாக இல்லாமல், மேல்முறையீட்டில் ஒரு வரியாக.

முதல் மேல்முறையீட்டில் 30 நாளில், தாமதமானால் 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை, அல்லது அதே பல்லவியைப் பாடினார்கள் என்றால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அங்கே சீக்கிரம் விசாரணைக்கு வரும் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். காத்திருக்கும் நேரத்தில் கிராம சபையை விட்டுவிடாதீர்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று ஒன்று, மே 1 ஒன்று. பயனாளிப் பட்டியலைச் சபையில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், படிக்க மாட்டோம் என்றால் ‘படிக்க மறுத்தார்கள்’ என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தனியாகக் கேட்காதீர்கள். குடிசை வீட்டுக்காரர்கள், முக்கியமாகப் பெண்கள், பத்துப் பேராவது கூட நிற்கட்டும். ஆர்டிஐ-யில் 8(1)(ஜே) சொல்லலாம், சபையில் முகத்துக்கு நேரே நிற்கிற சரசக்காவிடம் எந்தப் பிரிவைச் சொல்வது?

பதில் கைக்கு வந்தது ஜனவரி 20 என்றால் உங்களுக்குப் பிப்ரவரி 19 வரைதான் நேரம். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். பதிவுத் தபால் என்று தனியாக இப்போது கிடையாது, 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்பீட் போஸ்ட்டிலேயே ஒப்புகையோடு அனுப்பி ரசீதை மனு நகலின் பின்னால் பின் அடித்து வையுங்கள். மேல்முறையீட்டை எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். ஆதார் நகல் எதையும் இணைக்க வேண்டாம், உங்களுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.